நிறுவுதல்: ஒரு சொல்லும் ஓர் அறவினாவும்

'எஸ்டாப்ளிஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தோற்றுவித்தல், நிலைநாட்டுதல், நிறுவுதல், தாபித்தல் எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. இவை ஒன்றற்கு ஒன்று மாற்றாகக் கையாளப்படினும் பொருளால் ஒன்றல்ல. இல்லாததை உண்டாக்குவது தோற்றுவித்தல். உள்ளதை உறுதியாக்குவது நிலைநாட்டுதல். ஓர் அமைப்பை நிறுவியவர் யார் என்னும் வினா எழும்போது இவ்வேறுபாடு அறச்சிக்கலாகிறது.

இவ்வாங்கிலச் சொல், 'உறுதியாக்கு' எனப் பொருள்படும் 'ஸ்டபிலிரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியே வந்தது. நிற்றலைக் குறிக்கும் 'ஸ்டாரே' அதற்கு அடி. வடமொழி 'ஸ்தா' அதன் இனச்சொல். ஆகவே தாபித்தலும் அதற்கு உறவாகும். தமிழ் 'நிறுவு' அக்குடும்பத்தைச் சாராதது. எனினும் 'நில்' என்பதனோடு உறவுடைய 'நிறு' என்பதனடியாகப் பிறந்து அதே கருத்தை எய்தியுள்ளது. இரு மொழியிலும் இச்சொல் மெய்ப்பித்தலையும் குறிக்கிறது. வள்ளல் பள்ளியை நிறுவுகிறார். மாணவர் தேற்றத்தை நிறுவுகின்றனர்.

இந்திய அரசியலமைப்பின் 30(1) ஆம் உறுப்பு, சமய, மொழிச் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையைக் கூறுகிறது. பிற மாநிலங்களில் தமிழர் நடத்தும் பள்ளிகளுக்கும் இவ்வுறுப்பு பொருந்துவதால் இது தமிழர்க்கு அயலான செய்தியன்று. 1875இல் அலிகாரில் சர் சையது அகமதுகான் தொடங்கிய பள்ளி கல்லூரியாக வளர்ந்து, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகமாயிற்று. அதனை நிறுவியவர் யார்? 1967இல் அசீஸ் பாட்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவுதலாவது உளதாக்குதல் எனக் கொண்டு, பல்கலைக்கழகத்தை உளதாக்கியது சட்டமே என்றது.

இம்முடிபு சொல்லின் ஒரு கூற்றையே பற்றி நின்றது. உறுதியாக்குதல் என்னும் மூலப்பொருளைக் கொண்டால் சட்டத்தின் பங்கு பெரிதே. ஆயினும் உறுதியாக்கப்படுவதற்கு முன்னரே ஒன்று இருந்தாக வேண்டும். கன்றை நட்டவனும் அதற்குக் கொழுகொம்பு ஊன்றியவனும் ஒருவனல்லன். சொற்பிறப்பு வழக்கைத் தீர்க்காது என்பது உண்மையே. எனினும் எந்த வினாவைக் கேட்கத் தவறினோம் என்பதை அது காட்டவல்லது.

2024 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நால்வர் பெரும்பான்மையால் அம்முடிபை நீக்கியது. சட்டவுருப் பெறுதல் வேறு, நிறுவப்படுதல் வேறு. எண்ணம் யாருடையது, பொருள் யாரளித்தது, நோக்கம் யாது என மூலத்தை நாடவேண்டும் என்பது அதன் கருத்து. இங்குதான் மெய்ப்பித்தல் என்னும் பொருள் திரும்ப வருகிறது. அரசு நிறுவியதற்குச் சட்டமே சான்று. மக்கள் நிறுவியதற்கோ கடிதங்களும் நன்கொடைக் கணக்குகளும் தேடப்படவேண்டும். நிறுவியவர், தாம் நிறுவியதை மீண்டும் நிறுவவேண்டியவராகின்றார். சிறுசிறு தொகையாக ஈந்தவர்களின் ஏடுகள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. அலிகாரைப் பொறுத்தவரை அம்மெய்ப்பிப்பை ஏழுவர் அமர்வு தானே மேற்கொள்ளாது வேறோர் அமர்வுக்கு விட்டது.