சமயங் காத்தலும் ஏதுப்போலியும்

தான் மெய்யெனத் துணிந்த ஒரு பொருளை நிலைநிறுத்தற்பொருட்டு, வலியில்லாதது எனத் தானே அறிந்த ஏதுவை ஒருவன் எடுத்துக் கூறலாமோ எனின், ஆகாது என்பதே எல்லாரும் உடனே கூறும் விடையாம். ஆயினும், கேட்போர் நூலறிவு குறைந்தவராயும், அவ்வேதுவைக் கைவிட்டால் அவர்தம் நம்பிக்கை தளர்ந்து நெறி வழுவுவரோ என்னும் அச்சமும் உளதாயின், அவ்விடை அத்துணை எளிதாகத் தோன்றாது. ‘கசப்பு மருந்தை வெல்லத்துட் பொதிந்து கொடுத்தல் போல, மெய்யை எவ்வாற்றானும் ஊட்டுதலே அருள்’ என்பாரும் உளர். இவ்வினா மேனாட்டுக் கிறித்துவ அறிஞர்க்கு வெறும் ஏட்டு வினாவன்று. நாடோறும் எதிர்ப்படும் வினாவாம். ஆதலின் அவர் வரலாற்றினின்றே சில எடுத்து ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்து, வேல்ஸ் என்னும் நாடுகளில் 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தம்மைக் கிறித்துவர் எனக் குறித்தோர் நூற்றுக்கு 59.3 பேர், 2021-இல் அத்தொகை 46.2 ஆகக் குறைந்தது. சமயம் ஒன்றும் இல்லை எனக் குறித்தோர் 25.2-இலிருந்து 37.2 ஆகப் பெருகினர். அங்குக் கிறித்துவ அறிஞரை எதிர்நிற்பது பெரும்பாலும் பிறிதொரு சமயமன்று. ‘உலகம் தன்னியல்பாலேயே விளங்கும், கடவுள் வேண்டா’ என்பான் ஒருவன், ‘உளராயினும் இலராயினும் எனக்கென்?’ என வாளா இருப்பான் மற்றொருவன். இவ்விருவரும் விவிலியத்தை உரையளவையாகக் கொள்ளார். ஆகவே வாதி காட்சியையும் கருதலையுமே துணைக்கொள்ள வேண்டியவனாகின்றான். முழுப்பாரமும் ஏதுவின்மேல் வீழ்கின்றது. ஏது வலியுடையதோ என்னும் ஆராய்ச்சி அங்கு இன்றியமையாததாதல் இதனாற் பெறப்படும்.

வில்லியம் பேலி என்னும் ஆங்கிலக் குருவானவர் 1802-இல் ‘இயற்கை இறையியல்’ என்னும் நூலை வெளியிட்டார். வெளிநிலத்துக் கிடக்கும் கடிகாரம் ஒன்றைக் காண்பான் அதனைச் செய்தான் ஒருவன் உளன் எனத் துணிதல் போல, கண் முதலிய உறுப்புக்களின் அமைதியைக் காண்பானும் அவற்றைப் படைத்தோன் உளன் எனத் துணிதல் வேண்டும் என்பது அவர் கருதல். கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த சார்லஸ் டார்வின் பேலியின் நூல்களைப் பெரிதும் சுவைத்துப் பயின்றவர். அவரே 1859-இல் தாம் வெளியிட்ட நூலில், அவ்வமைதி, சிறு சிறு வேறுபாடுகள் தலைமுறைதோறும் இயற்கையால் தெரிந்தெடுக்கப்பட்டுத் திரளுதலாலும் உண்டாகும் எனக் காட்டினார். அமைதி என்னும் ஏது, செய்வோன் உள்ளவிடத்தும் செய்வோன் வேண்டப்படாதவிடத்தும் நிகழக் கூடியதாயினமையின், அநைகாந்திகம் ஆயிற்று. இதனால் கடவுளின்மை நிறுவப்பட்டதன்று. கடவுளுண்மைக்கு அவ்வேது போதாமை மட்டுமே விளங்கிற்று. ஆயினும் தம் நம்பிக்கை முழுவதையும் அவ்வொரு தூணின்மேலேயே ஏற்றியிருந்தோர்க்குத் தூண் முறிய வீடே வீழ்ந்தது போலாயிற்று. பேலி அறிந்து பிழை கூறியவரல்லர். முறிந்தமை தெரிந்த பின்னும் அதனையே ஊன்றினார்பாலதே குற்றமென்க.

இக்குற்றத்தின் வேரைக் கண்டு கூறியவர் செருமனி நாட்டுப் போதகர் டீட்ரிக் பான்ஹோபர். இட்லர் ஆட்சியை எதிர்த்துப் பெர்லின் நகரத்து டெகல் சிறையிலிருந்த அவர், 1944-இல் தம் நண்பர்க்கு எழுதிய கடிதமொன்றில், நம் அறிவு எட்டாத இடைவெளிகளை அடைத்தற்குக் கடவுளை வைத்தல் தகாது என்றார். அறிவு வளருந்தோறும் இடைவெளி குறுகும். குறுகுந்தோறும் கடவுளும் பின்னிட்டுச் செல்பவராவர். ஆதலின் அறியாதவற்றிலன்றி அறிந்தவற்றிலேயே அவரைக் காணவேண்டும் என்பது அவர் கருத்து. 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். இறுதி அணுகிய காலத்தும் எளிய ஆறுதலின்பொருட்டுப் போலியை நாடாத உள்ளம் அது.

இனி, நம் வினாவிற்கு நேரே விடை தரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்த சி. எஸ். லூயிஸ், இளமையில் கடவுளை மறுத்திருந்து 1931-இல் கிறித்துவ நெறிக்கு மீண்டவர். போர்க்காலத்தில் 1941 முதல் 1944 வரை வானொலி வாயிலாக அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் பொதுமக்களிடையே பெரிதும் பரவின. நம்புவோரும் நம்பாதோரும் எதிர்நின்று வாதிடும் ‘சாக்ரடீஸ் கழகம்’ ஆங்கு 1942-இல் கூடத் தொடங்க, அதன் தலைவராகவும் அவர் விளங்கினார். 1947-இல் வெளிவந்த ‘அற்புதங்கள்’ என்னும் நூலின் மூன்றாம் இயலில் அவர் வாதித்தது இது: உலகம் முழுதும் அறிவில்லாத காரணங்களாலேயே இயங்குவதெனின், அவ்வாறு கூறுவான் கருத்தும் அக்காரணங்களாலேயே தோன்றியதாம், அங்ஙனம் தோன்றியதனை மெய்யெனக் கொள்ளலாகாது, ஆகவே அக்கொள்கை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

1948 பிப்ரவரி 2-ஆம் நாள் அக்கழகத்தில் இதனை எழுந்து மறுத்தவர் நாத்திகரல்லர். எலிசபெத் ஆன்ஸ்கம் என்னும் கத்தோலிக்க அம்மையார். அப்போது அவர்க்கு வயது 28. அறிவுக்கு மாறாய காரணம் வேறு, அறிவல்லாத காரணம் வேறு. மூளை நோயாற் பிறந்த மயக்கம் முன்னையது, உடலின் இயல்பான தொழில் பின்னையது. முன்னையதால் ஐயம் பிறப்பினும் பின்னையதால் பிறவாது என்றார். ஒரு கூற்று ஒருவன் உள்ளத்துத் தோன்றுதற்குரிய காரணமும், அக்கூற்று மெய்யாதற்குரிய ஏதுவும் தம்முள் வேறாதலையும் அவர் விளக்கினார். நாம் அறிந்த எடுத்துக்காட்டால் கூறின், ‘மலையில் தீ உண்டு’ என ஒருவன் அச்சத்தாற் கூவினானாயினும், ஆங்குப் புகை உளதாயின் அக்கூற்று நிலைபெறும். அவன் அச்சம் அதற்குத் தடையாகாது.

அன்று லூயிஸ் மிக நொந்தார் என அவர் நண்பர் சிலர் கூறினர். அம்மையாரோ அதனை அமைதியான ஆராய்ச்சியாகவே நினைவுகூர்ந்தார். எங்ஙனமாயினும், 1960-இல் வந்த பதிப்பில் லூயிஸ் அவ்வியலைத் திருத்தி எழுதினார். இயலின் பெயரும் மாறிற்று: முன்னர் இயற்கைவாதியின் ‘தன்முரண்’ என்றிருந்தது, பின்னர் இயற்கைவாதத்தின் ‘தலையாய இடர்ப்பாடு’ என்றாயிற்று. முரண் என்பது எதிரியை முற்றும் வீழ்த்தும் சொல். இடர்ப்பாடு என்பது அவன் விடை கூறவேண்டிய ஒன்றனை மட்டும் காட்டுஞ் சொல். ஏது தாங்கும் அளவிற்குத் துணிபைக் குறைத்துக்கொண்டமை காண்க. இத்திருத்தம் அவர்தம் நேர்மையைக் காட்டும் என அம்மையாரே 1981-இல் எழுதினார்.

அற்றேல், தம் சமயத்தார் ஏதுவைத் தம் சமயத்தாரே அவையில் மறுத்தல் பகைவர்க்கு உதவியாய் முடியாதோ எனின், முடியாது. என்னை? போலியேது கேட்போர்க்கு முதற்கண் தீங்காம். பின்னொருநாள் அதன் வழுவைக் காண்பான், ஏதுவோடு பொருளையும் ஒருங்கே எறிவான். அன்றியும், அது கேட்போனை ஆராயத் தகாதவனாக இகழ்தலாம். வெல்லத்துட் பொதிந்த மருந்து குழவிக்கேயன்றி அறிவு முதிர்ந்தார்க்கன்று. எல்லாவற்றினும் பெருந்தீங்கு கூறுவோனுக்கேயாம். அறிந்து போலி கூறுவான் மெய்யை விரும்புதலின் நீங்கி வெற்றியை விரும்பத் தொடங்குகின்றான். அவ்விருப்பம் முற்றியபின் தான் காக்கும் பொருள் மெய்யாதலும் பொய்யாதலும் அவனுக்கு ஒக்கும்.

ஏதுவிற்கு ஓர் எல்லையுண்டு என்பதும் லூயிஸ் வாழ்வினாலேயே விளங்கும். உலகில் துன்பம் உளதாதல் கடவுளின் அருளுக்கு மாறாகாது என 1940-இல் அவர் ஒரு நூல் எழுதினார். 1960 ஜூலை 13-இல் அவர் மனைவியார் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு, அத்துயரத்தில் எழுந்த ஐயங்களையும் கடவுளை நோக்கிய சினத்தையும் ஒளியாது எழுதி, வேறொரு பெயரில் வெளியிட்டார். முன்னை நூலின் ஏதுக்கள் அன்று அவர் கண்ணீரைத் துடைக்கவில்லை. ஆயினும் அவர் நம்பிக்கையைக் கைவிட்டாரல்லர். தாங்காததைத் தாங்கியதாகக் கூறினாருமல்லர். ஏது வழியிற் கிடந்த கல்லை அகற்றும். நடத்தல் அவனவன் செயலேயாம்.

ஆகலின், மெய்யைக் காக்கப் புகுவோன் முதற்கண் காக்க வேண்டுவது தன் வாய்மையையேயாம். தன் ஏதுவின் வழுவைப் பிறர் காட்டியவழித் தலைவணங்கித் திருத்திக்கொள்வானுக்குத் தோல்வி என்பதொன்றில்லை. இதனை நடுநின்று ஆராய்ந்து கொள்ளுதல் அறிவுடையோர் கடனாம்.