காப்பு வரியும் கொடாத பொருளும்

2021 பிப்ரவரியில் மத்திய அரசு, பருத்தி உழவரைக் காக்கும் பொருட்டு அயல்நாட்டுப் பஞ்சின்மீது 11 சதவீத வரி விதித்தது. ஆலைகள் முறையிடவே, 2022 ஏப்ரலிலும் 2025 ஆகஸ்டிலும் சில மாதங்களுக்கு அதை நீக்கியது. வரி இருப்பின் நூல் விலை ஏறி, நெசவாளியும் ஒற்றை வேட்டி வாங்கும் ஏழையும் வாடுகின்றனர். நீங்கின் உழவன் வாடுகின்றான். எவரைக் காப்பது அறம்?

அன்பர்களே! பஞ்சசீலத்துள் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. உழவனுக்கு உதவுதல் தானமே. ஆனால் தானமென்பது கொடுப்போன் அறிந்து, மனமுவந்து ஈவது. துணி விலையுள் மறைந்துநிற்கும் பங்கையோ ஏழை அறியாமலே இழக்கின்றான். அஃதும் உழவனை முழுதாய் அடைவதில்லை. கடனுக்கஞ்சி அறுவடையிலேயே விற்றவனுக்குப் பின்னர் ஏறும் விலையால் பயன் யாது? இருப்பு வைத்த வணிகனே கொழுக்கின்றான்.

தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில், கள்வரால் கலங்கிய நாட்டில் புதுவரி தகாது, உழவர்க்கு விதையும் தீவனமும் அரசனே அளித்தல் வேண்டும் என்னும் அறிவுரை வருகின்றது. இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலையில் கொள்முதல் செய்து, நட்டத்தை அரசு ஏற்பது இவ்வழியைச் சார்ந்ததே. உழவனை நாடே வெளிப்படையாகத் தாங்குக. கந்தை உடுத்தோன் தலையில் அச்சுமையை மறைத்து ஏற்றற்க.