மலையேற்றமும் மெய்வருத்தமும்

மெய்யை வருத்துதல் தானே தவமாகுமோ என்பது சைவ நன்மக்கள் நெடுங்காலமாக வினாவிவரும் ஒன்றாகும். யாழ்ப்பாணத்தில் மலையென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. கீரிமலையும் பெயரளவில் மலையேயன்றி வேறன்று. அங்கே நாம் ஏறுவதில்லை, கேணியுள் இறங்குகின்றோம். ஆதலின் இவ்வினா நம்மவர்க்குக் கதிர்காமத்திலும் சிவனொளிபாதமலையிலும் சென்றவிடத்தே எழுகின்றது. மாணாக்கரை அழைத்துக்கொண்டு அவ்விடங்கட்குச் செல்லும் ஆசிரியர் பலராதலால், இதனைச் சிறிது விரித்தாராய்தல் தகுமென்று துணிந்தோம்.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியினின்றும் வைகாசி மாதமளவிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்னும் இடங்களைக் கடந்து, உகந்தையில் முருகனை வணங்கிக் குமண யாலக் காடுகளினூடே கதிர்காமஞ் சேர்தல் நம்மவர் பண்டை வழக்கம். கொழும்புத்துறை யோக சுவாமிகளும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவரே. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தினின்றும் செல்வது தடைப்பட்டிருந்து, 2009இல் அது முடிந்தபின் மீண்டும் நிகழ்ந்துவருகின்றது. இவ்யாத்திரை நிகழுங் காலமோ கீழ்மாகாணத்திற் கச்சான் காற்று அனலாய் வீசும் வறட்சிக் காலம். ஆடித் திருவிழாவுக்கென வந்தோர் மாணிக்க கங்கையில் நீராடிய பின்பு கதிரைமலையாகிய ஏழுமலையையும் ஏறித் தரிசிக்க விழைவர். வெயிலேறிய பின் வெறும் பாறையில் அடிவைத்தோர்க்கு அதன் கொடுமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வெயிலில் உடம்பினுள் நிகழ்வதனை ஆசிரியர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. மனித உடம்பின் இயல்பான வெம்மை ஏறக்குறைய 37 பாகை. ஏறுவோனது தசைகள் உள்ளிருந்து வெம்மையை உண்டாக்க, மேலிருந்து ஞாயிறும் கீழிருந்து பாறையும் அதனைப் பெருக்குகின்றன. வியர்வை உலர்தலினாலேயே உடம்பு தணிகின்றது. நீரும் உப்புங் குறைந்தவிடத்து அத்தணிப்புங் குறையும். தாகம் தோன்றும்போதே நீர் ஓரளவு குறைந்துவிட்டது என்று கொள்க. உள்வெம்மை 40 பாகையைக் கடப்பின் மூளை தடுமாறும், சொல் குழறும், கால் தள்ளாடும், தனக்கு நேர்ந்ததைத் தானே அறியும் வலி போய்விடும். இங்கே ஓர் அபாயம் உண்டு. இந்நிலையில் தள்ளாடிப் பிதற்றும் அடியவரைக் கண்டு, முருகன் அருள் வந்திறங்கியதென்று கைகூப்பி நிற்றல் கூடும். நிழலிற் கிடத்தி, நீரால் நனைத்து விசிறி, வைத்தியரிடம் விரைந்து சேர்ப்பிக்க வேண்டியவனை அரோகரா என்று சூழ்ந்து நிற்பது பத்தியாகாது.

இனி, மெய்வருத்தத்தைப் போற்றுவோர் எடுத்துக்காட்டுவது திருநாவுக்கரசு நாயனார் கயிலை சென்ற வரலாற்றையே. முதுமைப் பருவத்திற் பாதந் தேய நடந்து, பின் கையாலும் மார்பாலும் ஊர்ந்து, அதுவும் இயலாதவிடத்துப் புரண்டு சென்றார் என்றும், முனிவர் வடிவில் வந்த இறைவர் மீளுக என்றவிடத்தும் மீளேன் என்றார் என்றும் வகுப்பிலே நாமெல்லோரும் கற்பித்திருக்கின்றோம். ஆயினும் அவ்வரலாற்றில் இரண்டு செய்திகளை விரைந்து கடந்துவிடுகின்றோம். நாயனார் தம்முடன் வந்த அடியார்களைக் காசியிலே நிறுத்திவிட்டுத் தனியராகவே மேற்சென்றார். தம் உடம்பை வருத்தினாரேயன்றித் தம்மைப் பின்பற்றினோர் உடம்பை அவ்வருத்தத்துக்கு உட்படுத்தினாரல்லர். மற்றொன்று, இறைவர் அவருக்குக் கயிலைக் காட்சியைக் கொடுத்தது மலைச்சிகரத்திலன்று. பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றிலே கொடுத்தருளினார். சிகரத்தை அடைதலே பயன் என்பார்க்கு இவ்வரலாறு துணை செய்யாது.

அங்ஙனமாயின், சிறுத்தொண்ட நாயனார் தம் மைந்தனையே அளித்தாரன்றோ, பிறருடம்பை அளித்தலும் அடியார் செயலாயிற்றன்றோ என வினாவுவாரும் உளர். இதற்கு விடை எளிதன்று. எனினும் ஒன்று சொல்வோம். அங்கே கேட்டவர் இறைவர். மைந்தனை மீட்டுத் தந்தவரும் அவரே. பள்ளிக்கூடத்து மாணாக்கனொருவனை நண்பகலில் மலைமேல் நடத்துகென நம்மை எவருங் கேட்டிலர். கேளாததொன்றைக் கேட்டதாகப் பாவித்துப் பிறர் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தற்கு நாயனார் வரலாறு இடந்தராது.

நம் முன்னோர் இவ்விடயத்தை எவ்வாறு நடத்தினர் என்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர், புத்தளத்தில் யாழ்ப்பாணத்தரசராகிய ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, திருவடி மலையைத் தரிசிக்க விரும்புவதாகக் கூறினார். வந்தவர் வேற்றுச் சமயத்தவர். இருந்தும் அரசர் அவருக்குப் பல்லக்கும் அதனைச் சுமப்பாரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும், வேறு பதின்மரும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரும் உடன் அனுப்பினார் என்று அவர் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். வழியில் நீர் நிறைய உண்டு என்பதும், செங்குத்தான இடங்களிற் பற்றியேற இரும்புச் சங்கிலிகள் இருந்தன என்பதும் அவர் குறிப்பில் உள்ளன. ஆண்டுதோறும் சென்று பழகிய நால்வர் என்பதனை எண்ணுக. வழியறிந்தாரை முன்னிறுத்தலும், உணவுக்கு ஆள் வகுத்தலும் பத்திக்குக் குறைவென்று அவ்வரசர் கருதிற்றிலர். 2243 மீற்றர் உயர்ந்த அம்மலையை இன்றும் பெரும்பாலார் இரவிலேயே ஏறி வைகறையிற் சிகரஞ் சேர்கின்றனர். ஞாயிறு தோன்றுங் காட்சி ஒரு காரணமாயினும், வெயிலுக்குத் தப்புதலும் அதனாற் கிடைக்கின்றது.

ஏற்பாடின்மையால் விளைவதனை அயலிடங்களிலுங் காணலாம். கோயம்புத்தூரையடுத்த வெள்ளியங்கிரியில், பூண்டியடிவாரத்தினின்றும் ஏழு மலைகளை மாசி முதலாகக் கோடைகாலத்தில் ஏறுகின்றனர். மூச்சுத் திணறியும் நெஞ்சடைத்தும் அங்கே உயிர்நீத்தோர் செய்தி பலகால் வந்ததுண்டு. 2024 ஆனி மாதத்தில் மக்காவில் வெம்மை 50 பாகையைக் கடந்தபோது 1,300க்கு மேற்பட்ட யாத்திரிகர் இறந்தனர். அவருட் பெரும்பாலார் முறையான அனுமதியின்றிச் சென்று, தங்க நிழலின்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தோரென்று சவூதி அரசு அறிவித்தது. அவர்தம் பத்தியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நிழல் இல்லாதார்க்கு வெயில் சமயம் பார்ப்பதில்லை என்பதே இங்கு வேண்டுவது.

இவ்வாறு கூறுதலால், ஜீப்பில் ஏறிக் கதிரைமலை உச்சியிலிறங்கிப் படம்பிடித்து மீள்வதே சாலும் என்று யாம் சொல்லுவதாக எவரும் எண்ணற்க. முதியோரும் நோயாளரும் ஊர்தியிற் செல்லுதல் குற்றமன்று. வலியுடைய இளைஞன் காலிருக்க அதனை நாடுவது சோம்பலேயாம். சரியை என்பது உடம்பாற் செய்யுந் தொண்டு. உடம்பு சிறிதும் அசையாவிடத்துச் சரியை ஏது? வியர்வை சிந்தி ஏறினவன் குடித்த ஒரு வாய் நீரின் சுவையையும், களைத்தோன் கையைப் பிடித்தவன் அன்பையும் ஊர்தி தரமாட்டாது. ஆனால் அவ்வருத்தம் தரிசனத்தின் பொருட்டு நேர்வது. வருத்தத்தின் பொருட்டே அதனைத் தேடுவானாயின், அவன் வழிபடுவது தன் வலிமையையே. உடம்பைக் கோயிலென்று கண்ட திருமூல நாயனார் மரபில் வந்த நாம் அக்கோயிலை இடித்துக் கல்லெடுத்துப் பூசை செய்தல் எங்ஙனம்?

எல்லாவற்றினும் கடியது, பாதிவழியில் ஒரு பிள்ளை இனி ஏறமாட்டேன் என்னும்போது ஆசிரியர் செய்வதே. நேர்த்திக்கடன் உண்டென்று அவன் தாய் சொல்லியனுப்பியிருப்பாள். உடன் வந்த பிள்ளைகள் நகைப்பர். உச்சியோ கண்ணுக்குத் தெரியும். முருகா என்று ஏறு என்பது அவ்வேளையில் நாவில் எளிதில் வருஞ் சொல். நேர்ந்தவள் தாய், வெயில் சுடுவது பிள்ளையை. எனவே ஆசிரியருள் ஒருவர் அவனுடன் நிழலுக்கிறங்கி இருத்தல் வேண்டும். இருவர் ஆசிரியர் இல்லாது மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாகாது என்று யாம் வற்புறுத்துவது இதன்பொருட்டே. அங்ஙனம் இறங்கியிருந்த பிள்ளையை மற்றையோர் மீண்டு வந்து எள்ளுவரோ, மேலிருந்து கொணர்ந்த திருநீற்றை முதலில் அவன் நெற்றியில் இடுவரோ என்பது, புறப்படுமுன் ஆசிரியர் வகுப்பிற் சொல்லிய சொல்லைப் பொறுத்தது.