இருட்டுக்கு ஓர் அடைமொழி

துன்பப்படுகிறவனிடம் 'உன் பார்வையை மாற்றிக்கொள்' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? மனிதனைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, நிகழ்ச்சிகளைப் பற்றி அவன் வைத்திருக்கும் அபிப்பிராயங்களே என்பது ஸ்டோயிக்குகளின் அடிப்படைக் கருத்து. இதைப் போதித்த எபிக்டெடஸ் அடிமையாக இருந்தவர். அவர் சொல்லும்போது அது விடுதலை. அதையே ஒரு எஜமானன் தன் அடிமையிடம் சொன்னால் அது வேறு விஷயம். கருத்து அதுதான், சொல்பவன் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

குளிர்காலச் சோர்வு பற்றிய இன்றைய பேச்சில் இந்த வித்தியாசம் மறக்கப்படுகிறது. 1984-ல் நார்மன் ரோஸந்தாலும் அவருடைய சகாக்களும் 29 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கு ஒரு மருத்துவப் பெயர் கொடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் இறங்கி வசந்தத்தில் விலகும் சோர்வு. மிகையான தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் ஏக்கம், மனிதர்களிடமிருந்து ஒதுங்கல். ரோஸந்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போனவர். அங்கேயுள்ள குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு குன்றுவதைத் தன்னிடமே கவனித்தவர். அவர்கள் கண்ட சிகிச்சை வெளிச்சம். இன்று வழக்கமாகச் சொல்லப்படுவது, காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்கார்வது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது. வெளிச்சம் குறைந்ததா, வெளிச்சம் கொடு. நோயாளியின் வாழ்க்கைத் தத்துவத்தை விளக்கு விசாரிப்பதில்லை.

இதற்கு எதிர்த் திசையில் நிற்பது ட்ரொம்ஸோ. நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே உள்ள நகரம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. 2014-ல் காரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே போனார். அவ்வளவு இருட்டில் இருக்க வேண்டிய அளவுக்குச் சோர்வு ஏன் அங்கே இல்லை என்பது அவர் கேள்வி. குளிர்காலத்தைப் பற்றிய மனோபாவத்தை அளக்க ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார். 2020-ல் வெளியான முடிவுகளின்படி, தெற்கு நார்வேக்காரர்களைவிட ட்ரொம்ஸோக்காரர்களும், அவர்களைவிட இன்னும் வடக்கே ஸ்வால்பார்டில் இருப்பவர்களும் குளிர்காலத்தை அதிகம் விரும்பினார்கள். சூரியன் வராத நாட்களை அங்கே 'இருட்டுக் காலம்' என்பார்கள். 'நீலக் காலம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. நடுப்பகலில் சில மணி நேரம் பனியின் மீது நீலம் படர்கிறது. பொய் சொல்லாமலே ஒரு அடைமொழியை மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த முடிவை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். இருட்டைத் தாங்காதவர்கள் தெற்கே போய்விட்டிருக்கலாம். மிஞ்சியவர்களிடம்தான் கேள்வித்தாள் நீட்டப்பட்டிருக்கலாம். ஸ்வால்பார்டில் பெரும்பாலோர் வேலைக்காகச் சில வருஷங்கள் வந்து போகிறவர்கள். இருட்டைத் தேர்ந்துகொண்டவனுக்கும் இருட்டில் மாட்டிக்கொண்டவனுக்கும் ஒரே நீலம் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

அடைமொழியின் இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதல்ல. நக்கீரரின் 'நெடுநல்வாடை' குளிரைப் பற்றிய கவிதை. தலைவனைப் பிரிந்த அரசிக்கு வாடை 'நெடிய'தாக இருக்கிறது, பாசறையில் வினை கைகூடும் அரசனுக்கு அதே வாடை 'நல்ல'தாக இருக்கிறது என்று தலைப்புக்குப் பொருள் சொல்வது மரபு. காற்று ஒன்று, பார்வை இரண்டு என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். அப்படி அல்ல என்று படுகிறது. இரண்டு அடைமொழிகளும் இரண்டு ஸ்திதிகளிலிருந்து வருகின்றன. அரசி தன் மனோபாவத்தை எவ்வளவு திருத்திக்கொண்டாலும் படுக்கை தனிப் படுக்கைதான். கவிதையின் இறுதியில் அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவர்களுக்கு அந்த வாடை என்னவாக இருந்தது? அவர்களுக்கென்று தலைப்பில் ஒரு அடைமொழி இல்லை.

அப்படியானால் பார்வை மாற்றம் முழுவதும் பாவனையா? அதுவும் சரியல்ல. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோஹன் குழுவினர் 177 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு விளக்கும் மறு பகுதிக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே பலனளித்தன. இரண்டாவது குளிர்காலத்தில், விளக்குச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 46 சதவீதத்தினருக்கும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கும் சோர்வு திரும்பியது. கற்றுக்கொண்ட பார்வை கையோடு தங்கியிருக்கிறது. ஆனால் அது உபதேசத்தால் வரவில்லை. ஆறு வாரம், கூட இருந்து, வீட்டுக்குள் முடங்கியவரை ஏதாவது ஒரு காரியத்துக்கு வெளியே இழுத்து, நடந்த வேலை அது.

பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் சுலபமாகப் புரியும். பற்றை வரவு என்று எழுதினால் அது மோசடி. பற்றுப் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு வரவுப் பக்கமும் இருக்கிறது என்று காட்டுவது மோசடி அல்ல. கணக்கு அப்போதுதான் முழுமையாகிறது. இருட்டை வெளிச்சம் என்பது முதல் வகை. இருட்டில் நீலமும் இருக்கிறது என்று காண்பது இரண்டாவது. நீலத்தைக் கண்ட பிறகும் பற்று பற்றாகவே நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே பார்வை மாற்றம் என்பது தன்மையில் மட்டுமே பேசத் தக்க மொழி என்று தோன்றுகிறது. 'நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன்' என்பதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. 'நீ இதை வேறு விதமாகப் பார்' என்றவுடன் துன்பம் துன்பப்படுகிறவனின் குற்றமாகிவிடுகிறது. சொன்னவன் கை கழுவிக்கொள்கிறான். முன்னிலையில் இருப்பவனுக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. ட்ரொம்ஸோவில் பனிச்சறுக்குப் பாதைகளில் விளக்கு எரிகிறது. அதை ஒரு தனிமனிதன் தன் மனத்துக்குள் ஏற்றிக்கொள்ளவில்லை. நகரம் போட்டிருக்கிறது. இருட்டை விரும்பு என்று அது யாரிடமும் சொல்வதில்லை. நடக்க நினைப்பவனுக்கு வழி தெரிகிறது, அவ்வளவுதான். நீலத்தை அவன் தானாகப் பார்த்துக்கொள்வான், பார்க்காமலும் போகலாம்.