வலப்பக்கத்துச் செட்டை

"அப்ப, வெட்டுற துண்டை எனக்குத் தருவீங்களோ?"

ஊர்காவற்றுறை இறங்குதுறையடியில் ஒரு ஹயர் கார்ச் சாரதி கேட்ட கேள்வி இது. காரை வாங்க வந்தவர் கொழும்புக்காரர், இளவயது. பழைய கார்களைத் தேடிப் பிடித்து, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்கி விற்பவர். விலை அநேகமாகப் படிந்துவிட்டது. காரைச் சுற்றி வந்தவர் பின்பக்க வலது செட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். "ஐயா, இதை வெட்டி எறிஞ்சுபோட்டு ஒறிஜினல் போடவேணும்" என்றார். சாரதி விலையைக் கூட்டிக் கேட்கவில்லை, விற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டைத்தான் கேட்டார். "அதை வைச்சு என்ன செய்யப்போறீங்கள்?" என்று வந்தவர் சிரித்தார். பதில் வரவில்லை. காரைநகரிலிருந்து பாதைப் படகு வந்து அணைந்தது. சனம் இறங்கியது. பேச்சு அதோடு கலைந்துபோயிற்று.

பக்கத்தில் நின்று அதைக் கேட்டவருக்கு, அதாவது இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கு, அந்தக் கேள்வி இன்னும் அடங்கவில்லை. முழுக் காரையும் கொடுக்க மனம் ஒப்பியவர் ஒரு தகரத் துண்டை ஏன் கேட்டார்?

கார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55, இரண்டாம் மாதிரி. 1959 ஜனவரியில் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1489 சிசி எஞ்சின். இந்தியாவின் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய அதே குடும்பம். செய்தது ஆங்கிலேயர் என்றாலும் உருவத்தை வரைந்தது இத்தாலியில், தூரின் நகரத்துப் பினின்ஃபரீனா பட்டறை. 1952 தொடக்கம் ஃபெராரிக் கார்களுக்கு உடல் வரைந்து கொடுத்த அதே பட்டறை. கேம்பிரிட்ஜையும் மொறிஸ் ஒக்ஸ்போர்டையும் பேஜோ 404ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லுவார்கள். 1961இல் ஏ60 வந்தபோது பின்செட்டைகளைக் குறைத்துவிட்டார்கள். எனவே செட்டை எழும்பிக் கூராக நிற்கிற கேம்பிரிட்ஜ் என்றால் அது அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிறந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களில் மாப்பிள்ளைகள் போனார்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பெண்கள் போனார்கள், நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகாட்டுவான் வரை குடும்பம் குடும்பமாகச் சனம் போனது. ஃபெராரிக்கு உடுப்புத் தைத்த கை தங்கள் காருக்கும் தைத்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தெரியாததால் பயணத்தில் எதுவும் குறையவில்லை.

ஊர்காவற்றுறையில் நின்ற அந்தக் காரின் இடப்பக்கச் செட்டை தூரின் வரைந்தபடியே இருக்கிறது. கதவடியில் தொடங்கும் கோடு ஓரிடத்திலும் நெளியாமல் வந்து சிவப்பு விளக்கின் தலையில் முடிகிறது. வலப்பக்கத்தில் கோடு சரியான இடத்தில்தான் புறப்படுகிறது; ஆனால் பாதி வழியில் சற்றுத் தடிக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் பெயின்றுக்கு அடியில் சுத்தியல் விழுந்த குழிகள், அம்மைத் தழும்பைப்போல. விளிம்பை மடித்த இடத்தில் ஒரு ஒட்டு. விளக்கும் கார் விளக்கு அல்ல, மோட்டார் சைக்கிளில் கழற்றியது. போருக்குள் நொறுங்கிப்போன பக்கம் அது. தார்ப் பீப்பாவை வெட்டி, நிமிர்த்தி, மற்றப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு தகர வேலைக்காரர் அடித்தது என்று சாரதியே சொன்னார்.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. பழைய ஆங்கிலக் கார்கள் அப்போதுதான் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கிவிடும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அதையும் தாங்கியது. தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் பெயர்ந்து குடாநாட்டுக்குப் போனபோதும், 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் இப்படிப்பட்ட கார்கள் கிழவிகளையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு புகையைக் கக்கியபடி போயின.

இந்தக் கட்டுரையாளரின் சிறுபராயத்தில் கார் என்றால் வேறொரு கார். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போனால் றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம். மற்றத் தியேட்டர்களில் ஜெய்சங்கர் துப்பறிந்துகொண்டிருந்தார். மொடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' 1966இல் வந்தது. ஆனால் கனவில் வந்தது 1964ஆம் ஆண்டின் 'கோல்ட்ஃபிங்கர்' படத்து அஸ்டன் மார்ட்டின் டிபி5. இருக்கை கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கும், விளக்குக்குள்ளிருந்து துப்பாக்கி நீளும். அவற்றைவிடப் பிள்ளைகளைச் சொக்கவைத்தது இலக்கத்தகடு. பொத்தானை அமத்தினால் தகடு சுழன்று வேறு நாட்டு இலக்கம் வரும். இலக்கத்தகட்டில் ஒரு எழுத்துக்காக 1957இலும் 58இலும் தார் வாளியும் தூரிகையுமாகத் தெருவில் இறங்கிய நாட்டில், வடக்கில் சிங்கள 'ஸ்ரீ'யும் தெற்கில் தமிழ் எழுத்துகளும் அழிபட்ட நாட்டில், அது சின்ன மாயமாகத் தெரியவில்லை.

அந்தப் படத்து ஆங்கில ஒற்றனின் காருக்கும் உடுப்பு இத்தாலியிலிருந்துதான். மிலான் நகரத்து ரூறிங் என்ற பட்டறை வரைந்தது. மெல்லிய குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறையும் அவர்களுடையதே.

படத்தில் ஓடிய காரின் பின்கதை விசித்திரமானது. படப்பிடிப்பு முடிந்ததும் கருவிகளைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்றார்கள். பிறகு வந்த ஒரு சொந்தக்காரர் கருவிகளைப் புதிதாகச் செய்து பூட்டினார். 1997இல் அமெரிக்காவில், புளோரிடாவின் ஒரு விமானக் கொட்டகையிலிருந்து கார் களவு போயிற்று. 2020இல் அஸ்டன் மார்ட்டின் அதேபோல 25 கார்களைப் புதிதாகச் செய்து, வரி நீங்கலாக ஒன்று 27.5 இலட்சம் பவுணுக்கு விற்றது. தகடு அப்படியே சுழலும். ஆனால் தெருவில் ஓட்ட அனுமதி இல்லை. எது உண்மைக் கார்? களவுபோனதா? அதிலும் கருவிகள் உண்மையானவை அல்லவே.

அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலச் சஞ்சிகையில் எப்போதோ வாசித்தது இங்கே குறுக்கே வருகிறது. வாசித்த கட்டுரையின் பெயர் மறந்துபோயிற்று, விஷயம் மறக்கவில்லை. 1961இல் ஃபெராரியின் 156 என்ற பந்தயக் கார், முகம் சுறாவின் மூக்கைப்போல இருக்கும், உலகப் பட்டத்தை வென்றது. பட்டம் பில் ஹில்லுக்கு. பட்டத்துக்கு அவரோடு மோதிக்கொண்டிருந்த அதே அணியின் வொன் ட்ரிப்ஸ் செப்ரெம்பரில் மொன்சா பந்தயத்தில் விபத்தில் இறந்தார். பார்வையாளர் பலரும் இறந்தார்கள். இவ்வளவு வெற்றியையும் இவ்வளவு சாவையும் கண்ட அந்தக் கார்கள் இன்று எங்கே என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஓய்ந்த பந்தயக் கார் ஃபெராரிக்கு வெறும் இரும்பு, எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். இன்று பழங்காரோட்டங்களில் ஓடுகிற சுறாமூக்குகள் பிற்காலத்தில் செய்த நகல்கள். அதே நிறுவனத்தின் மற்றொரு பிள்ளை, 36 மட்டுமே செய்யப்பட்ட 250 ஜிரிஓ, 2018இல் ஒன்று ஏறத்தாழ 70 மில்லியன் டொலருக்குக் கைமாறியதாகச் சொல்லப்பட்டது.

வென்ற காரை, செய்தவனே உடைத்தான். ஓடவே வாய்ப்பில்லாத காரை, ஓட்டியவன் தார்ப் பீப்பாவை வெட்டுவித்துக் காப்பாற்றினான். முதலாமவனுக்கு அடுத்த கார் இருந்தது, மற்றவனுக்கு இருக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படியானால் அந்தக் காப்பாற்றலில் இருந்தது வெறும் தேவைதானா? வேறு வழியில்லாமல் காத்ததற்கு அன்பு என்று பெயர் வைக்கலாமா?

தேவை மட்டும் என்றால் ஒரு தட்டைத் தகரம் போதும். மழை உள்ளே வராது, பொலிசும் பிடிக்காது. அந்தத் தகர வேலைக்காரர் அப்படி விடவில்லை. பிரேதம் ஏற்றவும் கார் இல்லாத காலத்தில், மற்றப் பக்கத்தைப் பார்த்து அதே வளைவை, அதே கூர்மையைக் கொண்டுவரப் பாடுபட்டார். தூரினில் ஒருவர் காகிதத்தில் இழுத்த கோட்டை, அவர் பெயரே கேள்விப்படாத ஒருவர், கோடு தடிக்கத் தடிக்கத் திரும்ப இழுத்தார். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். கூலியும் கூடியிருக்காது.

இதையெல்லாம் வைத்து வாங்க வந்தவரைக் குறை சொல்வது நியாயமல்ல. கடற்காற்று தகரத்தைத் தின்னும். தீவுகளில் எத்தனையோ வளவுகளில் பூவரசுக்குக் கீழே பழங்கார்கள் கோழிக்கூடாகி உக்கிப்போயின. ஒருவர் காசு செலவழித்து, அடிச்சட்டத்தைச் சுரண்டி, ஒரு காரைத் திரும்ப ஓடவைக்கிறார் என்றால் அது பெரிய காரியம். தொழிற்சாலைச் செட்டை போட்டால் பினின்ஃபரீனாவின் கோடு மீளும். அதுவும் ஒரு மனிதன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலைதான். ஒன்றை மீட்க மற்றதை வெட்டவேண்டியிருக்கிறது.

சாரதி அந்தத் துண்டைக் கேட்டதற்குக் காரணம் தேடினால் ஒன்றல்ல, பல வருகின்றன. அடித்தவரின் ஞாபகமாக இருக்கலாம். காரில் தனக்கென்று உரிமையுள்ளது அது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருக்கலாம்; மற்றதெல்லாம் விலைக்கு வந்தது, விலைக்குப் போகிறது. அந்த ஆண்டுகள் நடந்தன என்பதற்கு ஒரு சாட்சி வீட்டில் கிடக்கட்டும் என்றும் இருக்கலாம். மண்ணெண்ணெய்க் காலத்துக் கராஜ் வேலைக்குப் பில் இல்லை, படம் இல்லை. இவற்றில் எது சரி என்று இந்தக் கட்டுரையாளரால் தீர்மானிக்க முடியவில்லை. செட்டை காரிலேயே இருக்கவேண்டுமா, வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டவேண்டுமா என்பதிலும் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ அந்தக் காலத்தைக் கடந்து வந்த கார் ஒன்று நின்றால், பெயின்ற் அடிக்கவோ விற்கவோ கொடுக்க முன்னர், ஊரில் அடித்த பாகங்களைக் கிட்ட நின்று படம் எடுத்துவையுங்கள். எந்தக் கராஜ், யார் அடித்தது, எந்த ஆண்டு, எதை வெட்டி அடித்தது என்று ஓட்டியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெட்டுவதா விடுவதா என்பதைப் பிறகு பேசலாம். கேட்டால் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.