கைக்கு வேலை, காதுக்குக் கதை

கை வேலை செய்கிறவர்கள் கதை படிக்கலாமா என்று கேட்டால், "யார் வேண்டாமென்றது?" என்பீர்கள். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் தொடர்கதையுமாக அடுப்படியில் நிற்கிறவர்களை நம்பித்தானே எங்களைப் போன்றவர்கள் பிழைப்பே நடக்கிறது! நான் கேட்பது வேறு. ஒருவர் எந்த வேலையைச் செய்கிறாரோ, அந்த வேலையைப் பற்றிய கதையைத்தான் அவர் விரும்புவாரா?

மேல்நாட்டில் துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாகத் தைத்து, பிறகு ஒன்றாக இணைத்துப் போர்வை செய்கிற பெண்கள் நிறைய உண்டு. நம் பாட்டிமார் பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்த விரிப்புக்கு அது தூரத்து உறவு. இந்தப் பெண்களுக்கென்றே நாவல்கள் வருகின்றன. ஜெனிபர் சியாவரினி 1999-ல் ஒரு நாவலில் தொடங்கி, போர்வை தைப்பவர்களைப் பற்றியே வரிசையாக எழுதிக்கொண்டு போனார். கனடாவின் மார்கரெட் அட்வுட் 1996-ல் எழுதிய 'ஏலியாஸ் கிரேஸ்' ஒரு கொலை வழக்கின் கதை. அதன் பகுதிகளுக்குப் போர்வைக் கோலங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார். ஒரு சதுரம் தைப்பது, ஓர் அத்தியாயம் படிப்பது, மறுபடி ஒரு சதுரம். தன் ஊசி அச்சிலும் ஓடுவதைக் காண்பதில் அலாதியான சந்தோஷம் இருக்கத்தான் செய்யும்.

இனித் தென்காசிப் பக்கம் வாருங்கள். குற்றாலத்துச் சாரலுக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். வாசல் திண்ணையில் மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுளகில் இருப்பது அரிசியல்ல, பீடி இலை. முதல் நாளே நனைத்து வைத்த இலையைத் தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்து விடவேண்டும். ஆயிரம் சுற்றினால்தான் ஒரு நாள் கணக்கு. கொடுத்த இலை போதாவிட்டால் மீதி இலையைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியதுதான். கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது 'கழிவு' என்று தள்ளுவதும் உண்டு. விரலுக்கு மனப்பாடமான வேலை. மனத்துக்கு அங்கே ஜோலி இல்லை. மேல்நாட்டுப் போர்வைக்காரியைப் போலவே இவளுக்கும் கதைக்கு இடமிருக்கிறது. ஆனால் இவளிடம் போய், "அம்மா, பீடி சுற்றுகிறவளைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், கேள்" என்றால் என்ன சொல்வாள்?

இதற்கு உலகத்தில் ஒரு பரீட்சையே நடந்திருக்கிறது. கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில், 1865 டிசம்பரில், ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்கும் வழக்கம் ஆரம்பமாயிற்று. வாசிப்பவருக்குச் சம்பளம் முதலாளி தரவில்லை. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பணம் கொடுப்பவன் கதையையும் தேர்ந்தெடுப்பான் அல்லவா? அவர்கள் புகையிலைக் கதை கேட்கவில்லை. அலெக்ஸாந்தர் துமா எழுதிய மாண்டிகிறிஸ்டோ பிரபுவின் கதையைக் கேட்டார்கள். 1935-ல் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் விழுந்தது. விக்டர் ஹியூகோவையும் கேட்டார்கள்.

இதை வைத்து, பாவம், கஷ்டத்தை மறக்கக் கதை கேட்டார்கள் என்று முடிவு கட்டுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. மாண்டிகிறிஸ்டோ செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தவன். ஹியூகோவின் கதாநாயகன் ஒரு ரொட்டிக்காகத் தண்டனை அனுபவித்தவன். சுற்றுகிற கைகளுக்குத் தங்கள் தொழில் அந்தக் கதைகளில் தென்படவில்லை. தங்கள் வழக்கு தென்பட்டது. அதிகாரிகளுக்கும் இது புரிந்துதான் இருந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1866-ல் தொழிற்சாலை வாசிப்புக்குத் தடை வந்துவிட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் டாம்பா நகரத்துச் சுருட்டு ஆலைகளிலும் 1931-ல் முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக அல்ல, கதைக்காக!

போர்வை தைப்பவள் அந்த வேலையை விரும்பி எடுத்துக்கொண்டாள். ஆகையால் அதைப் பற்றிய கதையும் அவளுக்கு இனிக்கிறது. திண்ணையில் இருப்பவளுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அப்படியானால் தொழிலாளியைப் பற்றி நாவல் எழுதுவது வீண்தானா? தொ. மு. சி. ரகுநாதன் 1953-ல் 'பஞ்சும் பசியும்' எழுதினார். திருநெல்வேலிச் சீமை நெசவாளர்களின் பட்டினியைச் சொல்லும் நாவல். நூல் விலை நெசவாளிக்குத் தெரியாததா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவன் நெய்த வேட்டியைக் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படிக்கிறவர். அந்த நாவலை அவருக்கு எழுதிய கடிதமாகவே நான் படிக்கிறேன். அதைப் படித்துவிட்டு, "ஆஹா, என்ன தத்ரூபம்!" என்று மட்டும் சொல்லி அவர் மூடி வைத்தால், கடிதம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

வாசித்துக் கேட்பது தென்காசிக்குப் புதிதல்ல. 1954-ல் மறைந்த ரசிகமணி டி. கே. சி. குற்றாலத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கம்பனைச் சொல்லிச் சொல்லி அனுபவித்தார். கேட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அதனால் ரசனை கெடவில்லை. மலைக்கு அப்பால் கண்ணூரில், பீடிக் கொட்டகைகளில் ஒருவர் பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்காக மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து சில பீடிகளைக் கொடுத்து ஈடு செய்வார்கள். கை ஓயாமல் கேட்டார்கள்; அங்கும் ரசனை கெடவில்லை.

தென்காசித் திண்ணைகளுக்கு ஏன் இந்த வாசிப்பு வரவில்லை? 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கொட்டகைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும், வேலை நேரத்துக்கு அளவு வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் கொட்டகையே இல்லாவிட்டால்? இலையையும் தூளையும் வீட்டுக்கே அனுப்பிவிடுவது முதலாளிமார் பலருக்கு லாபமாகப் பட்டது. வேலை வீடு வீடாகச் சிதறிவிட்டால் ஒரு வாசகர் எத்தனை வாசலுக்குத்தான் போவார்? தனித்தனியே உட்கார்ந்திருப்பவர்களால் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது, கதையும் கேட்க முடியாது.

இப்போது சுளகுக்குப் பக்கத்தில் செம்பின்மேல் சாய்த்து வைத்த செல்போன் இருக்கிறது. பாட்டு, சீரியல், கதை எல்லாம் அதில் வருகின்றன. எங்கள் நாவல்களைக்கூட யாரோ வாசித்துப் போடுகிறார்கள். தூள் படிந்த விரலால் அதைத் தொட முடியாது. ஆகையால் கதை பிடிக்காவிட்டாலும், கையிலுள்ள கட்டு முடிகிறவரை அவள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.