கைக்குத் தெரிந்த வழி

மனிதச் செயல்களுக்கு மூளையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பலனை எண்ணிப் புறப்படுவது. மற்றது சூழலைக் கண்டதும் தானே புறப்படுவது. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டத்தின் உட்பகுதி முதலாவதற்கும் வெளிப்பகுதி இரண்டாவதற்கும் பெரிதும் துணைநிற்கின்றன.

பனை ஏறப் பழகும் சீவல் தொழிலாளிக்குத் காலில் மாட்டும் தளநாரும் கைப்பிடியும் ஒவ்வோர் எட்டிலும் நினைப்பைக் கேட்கும். பழகியபின் கால் தன்பாட்டில் ஏறும். நினைப்பு பாளையில் நிற்கும். பழக்கம் தரும் வரம் இது.

ஆனால் பழக்கம் பலனைக் கேட்பதில்லை. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் அந்தோனி டிக்கின்சன் 1980களில் நடத்திய சோதனைகளில், நெடுநாள் பயிற்றிய எலிகள் உணவு வெறுத்துப்போன பின்னும் அதைத் தந்துவந்த நெம்புகோலை அழுத்தின. மனிதரும் அப்படித்தான். இலங்கையில் 2022இன் மின்வெட்டுக் காலத்தில், மின்சாரம் இல்லையென்று தெரிந்தும் இருட்டறைக்குள் நுழைந்த கை சுவிச்சைத் தேடியது. சலரோகம் என்று வைத்தியர் சொன்னபின்னும், தேத்தண்ணியைக் கண்ட கை சீனிப் போத்தலுக்கு நீளுகிறது. அறிவுக்கு எட்டிய செய்தி கைக்கு எட்டவில்லை.

ஆகவே பழக்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அதை எழுப்பும் சூழலை மாற்றுவது எளிது. போத்தல் இடம் மாறினால் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் அறிவு மீண்டும் நுழையும். நல்லதைத் தெரிவுசெய்வது ஒருநாள் வேலை. தெரிவுசெய்யவே தேவையில்லாதபடி அதைப் பழகிக்கொள்வது பலநாள் வேலை.